பழைய ஆக்ஸஸ் கோப்பில் படம் தெரியவில்லை: எந்த வழியில் போவது?

காஞ்சிபுரத்தில் சொந்தமாகத் தறி வைத்து நெய்து விற்கும் கடை ஒன்றில், 2001-இல் எழுதிக் கொடுத்த ஆக்ஸஸ் 2000 (மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் தரவுத்தள நிரல்) கோப்பு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிசைன் ஒன்றுக்கு ஒரு ரெக்கார்ட். அதில் எண், பேர், பார்டர் அகலம், ஜரிகை எடை, எந்தத் தறி, அப்புறம் ஒரு படம். தாழம்பூ ரேக்கு என்று தேடினால் அந்தப் பார்டர் போட்ட புடவைகள் வரிசையாக வரும், வாடிக்கையாளர் பார்த்து இது வேண்டும் என்று விரல் வைப்பார். கிட்டத்தட்ட 1,400 டிசைன். பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக அணையத் தொடங்கியதும் புதிது ஒன்று வாங்கினார்கள், விண்டோஸ் 11, 64 பிட் ஆபீஸ். கோப்பைக் காப்பி செய்து திறந்தால் பழைய படங்கள் நன்றாகவே தெரிகின்றன, புதிதாகச் சேர்க்கும் புடவை மட்டும் ஒரு சின்ன ஐக்கானும் அதன் அடியில் கோப்பின் பெயருமாக நிற்கிறது. "தம்பி, பழசு எல்லாம் தெரியுது, புதுசு மட்டும் ஏன் இப்படி வருது?" என்று கடைக்கார அண்ணன் கேட்டார். சரியான கேள்வி. விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இதே சிக்கல் மாணவர் படம் வைத்திருக்கும் பள்ளி, நகைப் படம் வைத்திருக்கும் அடகுக் கடை, உறுப்பினர் படம் வைத்திருக்கும் சங்கம் என்று பல இடங்களில் வருகிறது. என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். நான் நாலைந்து வழிகளையும் போட்டுப் பார்த்துவிட்டேன், எது யாருக்குச் சரிப்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் தவறான வழிக்குப் பணம் போகும். பழைய ஆக்ஸஸில் படம் வைக்க இருந்த ஃபீல்டு ஓஎல்இ ஆப்ஜெக்ட். இதன் வேலை படத்தைக் காட்டுவது அல்ல, வேறொரு நிரலின் பொருளை உள்ளே பொதிந்து வைப்பது. நீங்கள் ஒரு படத்தைச் சேர்க்கும்போது ஆக்ஸஸ் விண்டோஸைக் கேட்கும், இந்த வகைக் கோப்பைப் பொதிந்து தரத் தெரிந்த நிரல் இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று. இருந்தால் அந்த நிரல் படத்தின் தோற்றம் ஒன்றைத் தயார் செய்து தரும், அந்தத் தோற்றமும் ரெக்கார்டிலேயே சேர்ந்து இருக்கும். இல்லையென்றால் கோப்பை அப்படியே ஒரு பொட்டலமாகக் கட்டி, மேலே ஐக்கானை ஒட்டி வைத்துவிடும். அதனால்தான் பழசு தெரிகிறது. 2001-இல் சேர்த்தபோது செய்த தோற்றம் உள்ளேயே இருக்கிறது, அதைக் காட்ட எந்த நிரலும் தேவையில்லை. புதிதாகச் சேர்க்கும்போதுதான் அந்த நிரல் வேண்டும், அது புதுக் கம்ப்யூட்டரில் இல்லை.

ஜேபெக் படங்களுக்கு அந்த நிரல் மைக்ரோசாஃப்ட் ஃபோட்டோ எடிட்டர். ஆபீஸ் 97 முதல் ஆபீஸ் எக்ஸ்பி வரை கூடவே வந்தது. ஆபீஸ் 2003-இல் அதை எடுத்துவிட்டு பிக்சர் மேனேஜர் என்று ஒன்றைக் கொடுத்தார்கள், அதற்கு ஓஎல்இ வேலை தெரியாது. ஆகவே இந்தச் சிக்கல் விண்டோஸ் 11-இல் பிறந்தது அல்ல, இருபது வருடத்துக்கு மேலான வயது அதற்கு. பிஎம்பி, அதாவது சுருக்காத பிட்மேப் படங்களுக்கு பெயிண்ட் கை கொடுத்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் 11-இல் பெயிண்டும் ஸ்டோர் வழியாக வரும் செயலியாக மாறிவிட்டதால், சில கம்ப்யூட்டர்களில் பிஎம்பி பொருளை இரட்டைச் சொடுக்கினால் அதை உருவாக்கிய நிரலைக் காணவில்லை என்று செய்தி வருகிறது.

உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எளிது. ஃபார்மை விட்டுவிட்டு டேபிளை நேராகத் திறங்கள். படத்துக்கான கட்டத்தில் படம் தெரியாது, ஒரு சொல்தான் தெரியும். பிட்மேப் இமேஜ் என்று இருந்தால் பெயிண்ட் வழி சேர்த்தது. ஃபோட்டோ எடிட்டர் பெயர் இருந்தால் அதன் வழி. பேக்கேஜ் என்று இருந்தால் ஐக்கான் சிக்கல். லாங் பைனரி டேட்டா என்று இருந்தால் பெரும்பாலும் வேறொரு நிரல், உதாரணமாக விபி6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதியது, ஓஎல்இ உறை எதுவும் போடாமல் படத்தின் பைட்டுகளை நேராக உள்ளே தள்ளியிருக்கும், அந்தப் படம் அதே நிரலில்தான் தெரியும், ஆக்ஸஸ் ஃபார்மில் வெற்றுக் கட்டமாக நிற்கும். எங்கள் காஞ்சிபுரக் கோப்பில் முதல் 1,400-க்கும் பிட்மேப் இமேஜ், கடைசி 23-க்கு மட்டும் பேக்கேஜ்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். எல்லாப் படமும் ஒரேயடியாகக் காணாமல் போயிருந்தால் அது ஓஎல்இ விவகாரமாக இல்லாமலும் இருக்கலாம். படம் ஏற்கெனவே வெளியே ஒரு ஃபோல்டரில் இருந்து, ரெக்கார்ட் மாறும்போதெல்லாம் ஒரு சின்ன நிரல்வரி அதை எடுத்துவந்து காட்டுகிற அமைப்பாக இருந்தால், புது ஆக்ஸஸ் மேலே மஞ்சள் பட்டையைக் காட்டி அந்த நிரல்வரியை நிறுத்தி வைத்திருக்கும். கோப்பு இருக்கும் ஃபோல்டரை நம்பகமான இடமாகச் சேர்த்தால் படங்கள் திரும்பி வந்துவிடும், செலவு ஐந்து நிமிடம். அல்லது நெட்வொர்க் டிரைவின் எழுத்து மாறியிருக்கும், அன்று எச் ஆக இருந்தது இன்று இசட் ஆகியிருக்கும். 64 பிட் ஆபீஸாக இருந்தால் நிரலில் விண்டோஸை நேராகக் கூப்பிடும் பழைய டிக்ளேர் வரிகள் பிழை காட்டி நிற்கும், பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்த்துத் திருத்த வேண்டும், அல்லது 32 பிட் ஆபீஸையே போட்டுக்கொள்ளலாம். ஆக்டிவ்எக்ஸ் என்று வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்கும் பழைய 32 பிட் படக் கட்டுப்பாடு எதையாவது ஃபார்மில் வைத்திருந்தால் 64 பிட்டில் அது வரவே வராது, அங்கே 32 பிட் ஆபீஸ்தான் ஒரே சமாதானம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பலரும் முதலில் சொல்வது பழைய நிரலைத் தேடிப் பிடித்துப் போடுவது. ஆபீஸ் எக்ஸ்பி சிடி பீரோவில் எங்காவது இருக்கும், அதிலிருந்து ஃபோட்டோ எடிட்டரை மட்டும் நிறுவி, ஜேபெக் கோப்புகளை அதனோடு இணைத்தால் இனிச் சேர்ப்பவற்றில் ஐக்கான் போய்ப் படம் வந்துவிடும். விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டுப் பார்த்தேன், வந்தது. அன்றைக்குக் கடை திறக்க வேண்டும், வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்றால் இதைச் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் இது நோயைத் தள்ளிப்போடுகிறதே தவிர ஆற்றவில்லை. கடையில் மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் மூன்றிலும் செய்ய வேண்டும், ஒன்றில் விட்டுப்போனால் அங்கே சேர்க்கும் படங்கள் எல்லாம் மறுபடி பொட்டலமாகச் சேரும், அந்தப் பொட்டலங்கள் மற்ற இரண்டிலும் ஐக்கானாகத்தான் தெரியும். அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் கோப்பு இணைப்பு மாறிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து.

அதைவிடப் பெரிய கவலை இடம். ஓஎல்இ வழியில் ஜேபெக் படம் பிட்மேப்பாக விரிந்து சேர்ந்தால் ஒரு புள்ளிக்கு மூன்று பைட். 640-க்கு 480 அளவுப் படம் 9,21,600 பைட். 1,400 படத்துக்கு 129 கோடி பைட், அதாவது 1.2 ஜிபி. ஆக்ஸஸ் கோப்பின் மொத்த எல்லையே 2 ஜிபி. அந்தக் காலக் கேமராவுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று 1600-க்கு 1200 என்று மிதமாக எடுத்தாலும் ஒரு படம் 57,60,000 பைட், காலிக் கோப்பிலேயே 370 படத்துக்குமேல் கொள்ளாது. எல்லையைத் தொடும் நாளில் கோப்பு எழுதும் நடுவில் நின்றுவிடும், படம் மட்டுமல்ல, ஜரிகைக் கணக்கும் தறிக் கணக்கும் சேர்ந்து ஆபத்தில் போய் நிற்கும். எனக்கு இந்த வழி பிடிக்காததற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது வழி, பழைய கம்ப்யூட்டரையே புதிய கம்ப்யூட்டருக்குள் வைப்பது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற நிரலைப் போட்டு, அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பியும் ஆக்ஸஸ் 2000-உம். எல்லாம் பழையபடி அப்படியே ஓடும், ஐக்கான் தொல்லையும் இல்லை. கோப்பு பூட்டியிருக்கிறது, எழுதியவர் இல்லை, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, உள்ளே கை வைக்கவே முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. ஆக்ஸஸ் 97 கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இது அவசியமாகவும் ஆகலாம், ஏனென்றால் ஆக்ஸஸ் 2013-இலிருந்து 97 கோப்பைத் திறக்கவே முடியாது. ஆக்ஸஸ் 2010 அல்லது அதற்கு முந்தியது ஒன்றில் திறந்து மாற்றிக்கொண்டுதான் இந்தப் பக்கம் வர வேண்டும். ஆனால் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஓடு நின்றுவிட்டன, ஆகவே அந்த உள் கம்ப்யூட்டருக்கு இணைய இணைப்பைக் கொடுக்கவே கூடாது. போனில் எடுத்த படத்தை உள்ளே கொண்டுபோவது, உள்ளிருந்து பிரிண்ட் எடுப்பது இரண்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று படி வேலை. தினமும் பத்துத் தடவை திறக்கும் கடைக்கு இது சரிப்படாது, வருடத்துக்கு நாலு தடவை பழைய பதிவேட்டைப் பார்க்கும் அலுவலகத்துக்குச் சரிப்படும்.

மூன்றாவது, ஆக்ஸஸ் 2007-இலிருந்து வந்த அட்டாச்மென்ட் ஃபீல்டு. இதற்குக் கோப்பை ஏசிசிடிபி என்ற புதிய ஆக்ஸஸ் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஜேபெக் உள்ளே ஜேபெக்காகவே இருக்கும், ஊதிப் பெருக்காது, எந்த வெளி நிரலையும் கேட்காது, ஒரே ரெக்கார்டில் முந்தானைக்கு ஒன்று, பார்டருக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என்று மூன்று படம்கூட வைக்கலாம். கோப்பு ஒன்றே ஒன்று, பென் டிரைவில் போட்டு எடுத்துப்போகலாம். 400, 500 படத்துக்குள் நிற்கும், படமும் பெரிய அளவில் வராது என்றால் நான் இதையே சொல்வேன். அதற்கு மேல் போனால் அதே 2 ஜிபி எல்லை இங்கேயும் காத்திருக்கிறது. இன்னொன்று, நாளைக்கு வேறு தரவுத்தளத்துக்கு மாற நினைத்தால் இந்த ஃபீல்டு பிற தரவுத்தளங்களில் பொதுவாக இல்லாத அமைப்பு என்பதால் அப்போது மறுபடி ஒவ்வொரு படத்தையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

நான்காவதுதான் நான் காஞ்சிபுரத்தில் செய்தது. படங்களை எல்லாம் கோப்பிலிருந்து வெளியே எடுத்து ஒரு ஃபோல்டரில் சாதாரணப் படங்களாக வைத்து, டேபிளில் ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டில் படத்தின் பெயரை மட்டும் எழுதி வைப்பது. ஆக்ஸஸ் 2007-இலிருந்து ஃபார்மில் இருக்கும் இமேஜ் கட்டுப்பாட்டின் கண்ட்ரோல் சோர்ஸ் என்ற அமைப்பில் படத்தின் முழுப் பாதையைக் கொடுத்தாலே படம் தெரியும், ஒரு வரி நிரல்கூட வேண்டாம். பெயரை மட்டும் டேபிளில் வையுங்கள், ஃபோல்டரின் பாதையை வேறொரு சின்ன டேபிளில் ஒரே இடத்தில் வையுங்கள், இரண்டையும் குவெரியில் ஒட்டிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஃபோல்டர் இடம் மாறினால் ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும், 1,400 கட்டத்தை அல்ல.

வெளியே எடுப்பதில்தான் உழைப்பு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஓஎல்இ ஃபீல்டில் இருப்பது படம் மட்டும் இல்லை. முன்னால் ஒரு தலைப்பகுதி, நடுவில் படம், பின்னால் தோற்றம், வால்பகுதி என்று இருக்கும். ஆக்ஸஸோடு வந்த நார்த்விண்ட் மாதிரிக் கோப்பில் ஊழியர் படங்களுக்கு முன்னால் 78 பைட் தலைப்பகுதி இருக்கும், அதை நம்பி எல்லோரும் 78-ஐத் தள்ளிவிட்டு மீதியை எழுதுகிறார்கள், சில கோப்புகளில் அது பொருந்தாது, ஏனென்றால் தலைப்பகுதியில் நிரலின் பெயரும் சேர்ந்திருக்கிறது, பெயர் மாறினால் நீளமும் மாறும். எண்ணிக்கையை நம்பாமல் அடையாளத்தைத் தேடுங்கள். பிஎம்பி படம் பி, எம் என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும், அதற்கு அடுத்த நாலு பைட்டில் படத்தின் மொத்த அளவு எழுதியிருக்கும், அவ்வளவை வெட்டி எடுத்தால் படம் கச்சிதமாக வந்துவிடும். தற்செயலாக அந்த இரண்டு எழுத்து வேறு எங்காவது வந்திருக்கலாம் என்பதால் அளவு நம்பத்தகுந்ததா என்றும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். 1,400 பிட்மேப்பும் இப்படி ஒரே ஓட்டத்தில் வெளியே வந்தன.

பேக்கேஜ் ஆகிப்போன 23 படத்தில் ஒரு நல்ல செய்தி, பொட்டலத்துக்குள் அசல் ஜேபெக் ஒரு பைட்கூட மாறாமல் இருக்கிறது. ஐக்கானைப் பார்த்துப் படம் அழிந்துவிட்டது என்று நினைத்து ரெக்கார்டை நீக்கிவிடாதீர்கள். ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. ஜேபெக்கின் முடிவு அடையாளத்தைத் தேடி முதலில் கிடைத்த இடத்தில் வெட்டினேன், 23-இல் 19 படம் தபால்தலை அளவுக்கு வந்து நின்றன. கேமராவும் போனும் படத்தின் தொடக்கத்திலேயே ஒரு குட்டிப் படத்தை வைத்திருக்கும், அதற்கும் தொடக்கம் முடிவு அடையாளம் உண்டு, நான் வெட்டியது அந்தக் குட்டிப் படத்தின் முடிவில். அதை விட்டுவிட்டு, பொட்டலத்தில் படத்துக்கு முன்னால் எழுதியிருக்கும் அளவை எடுத்துக்கொண்டு வெட்டியதும் 23-உம் முழுசாக வந்தன. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இதைச் செய்ய இலவசக் கருவிகளும் கிடைக்கின்றன, எதைப் பயன்படுத்தினாலும் கோப்பின் நகலில் மட்டும் ஓட்டுங்கள்.

படத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். எங்கள் கடையில் டிசைன் பேரையே வைக்கலாம், மயில்கண், ருத்ராட்சம் என்று தமிழிலேயே இருக்கட்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். நியாயமான ஆசைதான். ஆனால் ஆக்ஸஸின் நிரல்மொழியில் இருக்கும் டிர் என்ற, கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பழைய கட்டளைக்கு யூனிகோடு தெரியாது, தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் வரிசையாகக் கேள்விக்குறிகளைத் திருப்பித் தரும், கோப்பு இல்லை என்று சாதிக்கும். ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் என்ற இன்னொரு கருவி வழி போனால் தமிழ்ப் பெயர் சரியாக வேலை செய்யும். இருந்தாலும் நான் டிசைன் எண்ணையே படத்தின் பெயராக வைத்தேன், 0412 என்பது போல, ஏனென்றால் இந்தக் கோப்பில் டிசைன் பேர்கள் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவை, அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது தனி வேலை, படமும் அதனோடு சேர்ந்து சிக்கிக்கொள்ள வேண்டாம்.

புதிதாகச் சேர்க்கும் படங்களுக்கு இரண்டு விதி எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறோம். ஐபோனில் எடுத்தால் ஹெய்க் வடிவத்தில் வரும், ஆக்ஸஸுக்கு அது தெரியாது, ஜேபெக்காக மாற்றியே சேர்க்க வேண்டும். மாற்றும்போதே நிறத்தை சாதாரணத் திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்புக்கும் கொண்டுவந்துவிட வேண்டும், ஏனென்றால் போன் அகலமான நிறப்பரப்பில் எடுத்த படத்தை அப்படியே காட்டினால் அரக்கு வெளுத்துத் தெரிகிறது. புடவைக் கடையில் இது சின்ன விஷயம் இல்லை, திரையில் பார்த்த அரக்கு வேறு, கையில் வந்த அரக்கு வேறு என்று ஒரு கல்யாணப் புடவை திரும்பி வந்தால் தாங்காது. படம் படுத்துக்கொண்டு வந்தாலும் பயப்பட வேண்டாம், போனை எந்தப் பக்கம் பிடித்தோம் என்ற குறிப்பைப் பழைய நிரல்கள் படிப்பதில்லை, ஒருமுறை திருப்பிச் சேமித்தால் நேராகிவிடும்.

நான்காவது வழியின் குறையையும் மறைக்கக் கூடாது. கோப்பு வேறு, படம் வேறு என்று ஆகிவிட்டது. கோப்பை மட்டும் காப்பி செய்து படத்தை மறந்தால் வீட்டில் போய்த் திறக்கும்போது ஒரு படமும் இருக்காது. யாராவது ஃபோல்டருக்குள் போய்ப் பெயர் மாற்றினால் அந்த ரெக்கார்ட் வெறுமையாகிவிடும். அதனால் இரண்டையும் ஒரே தாய் ஃபோல்டரில் வைத்து, அந்தத் தாய் ஃபோல்டரைத்தான் பேக்கப் எடுக்க வேண்டும் என்று பழக்கினோம். இந்த ஒழுங்கு நடக்காது என்று தெரிகிற இடத்தில், ஆட்கள் அடிக்கடி மாறுகிற அலுவலகத்தில், படம் குறைவாகவும் இருந்தால் அட்டாச்மென்டே மேல்.

ஆக்ஸஸையே விட்டுவிட்டு வேறு தரவுத்தளத்துக்குப் போகலாமே என்றும் கேட்பார்கள். போகலாம், ஆனால் ஃபார்ம், ரிப்போர்ட், பில் அச்சு எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும், படம் தெரியவில்லை என்ற ஒரு காரணத்துக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பிறகு எப்போதாவது போவதாக இருந்தாலும், படங்கள் ஏற்கெனவே தனிக் கோப்புகளாக வெளியே இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எதைத் தேர்ந்தாலும் ஒரு வேலையை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது என்றால் அது ஓடும்போதே கோப்பின் இரண்டு நகலை வெவ்வேறு இடத்தில் எடுத்து, படங்களை வெளியே எடுத்து, பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்தில் வைத்துக் கொஞ்சம் ரெக்கார்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் நூறு ரெக்கார்டை அப்படிப் பார்த்தோம், அண்ணன் பழைய திரையில் எண்ணைப் படித்தார், நான் புதியதில் படத்தைக் காட்டினேன். பழைய ஓஎல்இ ஃபீல்டை உடனே நீக்கவில்லை, மூன்று மாதம் அப்படியே விட்டு, எந்தப் படமும் குறையவில்லை என்று உறுதியான பிறகே நீக்கினோம். நீக்கியும் கோப்பு 1.2 ஜிபியாகவே இருப்பதைப் பார்த்து அண்ணன் திகைத்துவிட்டார். ஃபீல்டை நீக்கினால் மட்டும் இடம் திரும்பாது, கம்பாக்ட் அண்ட் ரிப்பேர் ஓட்ட வேண்டும். ஓட்டியதும் 11 எம்பிக்கு வந்தது, திறக்க அரை நிமிடம் எடுத்த கோப்பு இப்போது சொடுக்கியதும் திறக்கிறது.